திட்டத்தில் 300, திரையில் 40: வீட்டு இணைய வேகம் குறித்த வாசகர் கேள்விகள்

வீட்டு இணைய இணைப்பு பற்றிய ஐயங்களை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பணம் கட்டும் வேகம் ஒன்றாகவும் கைக்கு வரும் வேகம் வேறாகவும் இருக்கிறது என்ற ஒரே குறையைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருந்தன. ஒத்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, விடை சொல்லும் அளவுக்கு விவரம் இருந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நொடிக்கு 300 மெகாபிட் திட்டத்தில் இருக்கிறேன். கைப்பேசியில் வேகத்தைச் சோதித்தால் 40, மிஞ்சினால் 45 காட்டுகிறது. சேவை நிறுவனத்தை அழைத்தால், தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

பதில்: நீங்கள் சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். வீட்டுக்குள் வரும் ஒளியிழையோ கம்பியோ முடியும் இடம் வரைக்கும்தான் நிறுவனம் பொறுப்பேற்கிறது. நீங்கள் அளந்திருப்பதோ, அந்த முனைக்குப் பிறகு ரவுட்டர், வைஃபை அலை, இடையில் நிற்கும் சுவர்கள், கைப்பேசிக்குள் இருக்கும் ஆண்டெனா ஆகிய எல்லாம் தத்தம் பங்கைக் கழித்துக்கொண்ட பின் எஞ்சியதை. இழப்பு அந்த முனைக்கு எந்தப் பக்கத்தில் நிகழ்கிறது என்று தெரியாதவரை, தொலைபேசியில் எத்தனை முறை வாதாடினாலும் பயனில்லை. ஆகவே வைஃபையை முழுவதுமாக விலக்கிவிட்டு, கேபிள் வழியாக ஒருமுறை அளந்து பாருங்கள். கீழே வரும் பெரும்பாலான பதில்களுக்கும் அந்த அளவுதான் அடிப்படை.

லேன் போர்ட் உள்ள மடிக்கணினி ஒன்றை, உறையில் கேட் 5ஈ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருக்கும் கேபிளால் ரவுட்டரின் லேன் போர்ட்டில் நேரடியாக இணையுங்கள். மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எந்த வழியில் அளந்தோம் என்ற சந்தேகம் மிஞ்சும். வி.பி.என். இயங்கினால் நிறுத்துங்கள், அது தரவு முழுவதையும் குறியாக்கம் செய்து வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புவதால், உங்களுக்குக் கிடைப்பது அந்தச் சர்வரின் வேகமாகிவிடும். தொலைக்காட்சி, மற்றவர்களின் கைப்பேசிகள், கண்காணிப்புக் கேமரா, பின்னணியில் புகைப்படங்களைக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் செயலிகள் ஆகியவற்றைச் சில நிமிடங்களுக்கு நிறுத்தி வையுங்கள்.

பிறகு ஒரே சோதனைத் தளத்தை நம்பாமல் இரண்டில் அளந்து பாருங்கள். ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீடுடெஸ்ட், அருகில் உள்ள ஒரு சர்வரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அந்தச் சர்வர் பல நேரங்களில் உங்கள் சேவை நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். ஃபாஸ்ட் டாட் காம் தளமோ நெட்ஃப்ளிக்ஸின் சர்வர்களிலிருந்து அளக்கிறது. முதலாவதில் முழு வேகமும் இரண்டாவதில் பாதியும் வந்தால், உங்கள் வீட்டு இணைப்பைக் காட்டிலும், நிறுவனம் வெளியுலகத்தோடு இணையும் இடத்தில்தான் நெரிசல் இருக்க வாய்ப்பு அதிகம்.

கேபிளில் 280 அல்லது 290 வந்தால் நிறுவனம் சொன்னது சரி என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். என் கணிப்பில் உங்கள் வீட்டில் அதுவே நடக்கும், ஏனென்றால் 40, 45 என்ற எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. வைஃபை 4 என்று இன்று அழைக்கப்படும் தரத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஓர் ஆண்டெனா மட்டுமே உள்ள கருவி எட்டக்கூடிய உச்ச இணைப்பு வேகம் நொடிக்கு 72 மெகாபிட். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். ரவுட்டர் அனுப்பும்போது கைப்பேசி காத்திருக்க வேண்டும், கைப்பேசி பதில் அனுப்பும்போது ரவுட்டர் காத்திருக்க வேண்டும், தரவைப் பிரித்து அனுப்பும் ஒவ்வொரு சிறு தொகுதிக்கும் ஒப்புதல் போய்வர வேண்டும். இவ்வளவுக்கும் நேரம் போனபின், 72-இல் ஏறக்குறைய 40 முதல் 50 வரைதான் பயனருக்கு மிஞ்சும். உங்கள் கைப்பேசியின் வைஃபை அமைப்பில், இணைந்திருக்கும் வலையமைப்பின் பெயரைத் தொட்டால், பல ஆண்ட்ராய்டு கருவிகளில் இணைப்பு வேகமும் அலைவரிசையும் தெரியும். அங்கே 72 என்றும் 2.4 என்றும் இருந்தால் ஐயம் தீர்ந்தது.

அதே கைப்பேசியில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள். இரண்டு ஆண்டெனா உள்ள வைஃபை 5 கருவி, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 866 மெகாபிட் வரை இணையும். அதில் பாதி மிஞ்சினாலும் உங்கள் 300-க்குத் தாராளம். இன்றைய ரவுட்டர்கள் பல, இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வைத்து, எதில் இணைவது என்ற முடிவைக் கருவியிடமே விட்டுவிடுகின்றன. தொலைவில் இருக்கும்போது 2.4-ஐப் பற்றிக்கொள்ளும் கைப்பேசி, ரவுட்டருக்கு அருகில் வந்த பிறகும் அதை விடாமல் இருப்பது அடிக்கடி நடப்பதே. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் இந்தத் தடுமாற்றம் இராது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டுவதில் பலவீனமானது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அடுத்த அறைக்கு நன்றாக இருக்கும், அதற்கும் அடுத்த அறைக்கு உறுதி சொல்ல முடியாது.

கேபிளிலேயே 45 தான் வருகிறது என்றால் கதை வேறு. மோடமும் (வெளியிலிருந்து வரும் இணைப்பை முதலில் ஏற்கும் பெட்டி) ரவுட்டரும் தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால், ரவுட்டரையும் விலக்கிவிட்டு மோடத்தில் நேராக இணைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். சில இணைப்புகளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரில்தான் பதியப்பட்டிருக்கும். அவற்றை மடிக்கணினியில் உள்ளிடாமல் இணையம் வராது என்பதால், வரவில்லையே என்று பதற வேண்டாம். மோடத்திலும் 45 தான் என்றால், அப்போது நிறுவனத்தை அழையுங்கள்.

கேள்வி: நீங்கள் முன்பே சொல்லும் வழியில் நான் கேபிளில்தான் அளக்கிறேன். திட்டம் 200 மெகாபிட். காலையிலும் நள்ளிரவிலும் 94 தான் வருகிறது. ஒருநாளும் 95-ஐத் தாண்டியதில்லை, 90-க்குக் கீழே இறங்கியதும் இல்லை. இது எப்படி?

பதில்: இவ்வளவு துல்லியமாக விவரித்து எழுதிய உங்களுக்கு முதலில் நன்றி. நெரிசலோ வைஃபை இடையூறோ இருந்தால் எண் ஏறி இறங்கும். அசையாமல் 94-இல் நிற்கும் எண், வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட் ஈதர்நெட்டாக (லேன் கேபிள் வழி இணைப்புக்கான தரம்) ஓடுகிறது என்பதற்கான கையொப்பம். 100-இல் 94 ஆவது ஏன் என்றால், ஒவ்வொரு ஈதர்நெட் தொகுதியும் கம்பியில் 1,538 பைட் இடத்தைப் பிடிக்கிறது. அதில் முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி ஆகியவை போக உங்கள் தரவுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 1,460 பைட்தான். விகிதம் போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 95 வரும். ஜிகாபிட் இணைப்பில் சோதனை 940-ஐ ஒட்டி நின்றுவிடுவதும் இதே கணக்கினால்தான்.

எந்த இணைப்பு என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. முதல் சந்தேகம் கேபிளின் மீது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகளாக இருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள், அதாவது நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். முனையில் ஒரே ஒரு கம்பி சரியாகக் கடிக்காமல் போனாலும், கதவிடுக்கில் நசுங்கி அறுந்தாலும், இரு பக்கக் கருவிகளும் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் தராமல் 100-க்கு இறங்கிப் பேசிக்கொள்ளும். இணையம் வந்துகொண்டே இருப்பதால் எவருக்கும் சந்தேகம் வராது. விண்டோஸ் கணினியில் ஈதர்நெட் இணைப்பின் விவரப் பக்கத்தைத் திறந்தால் இணைப்பு வேகம் 100 என்றோ 1000 என்றோ தெரியும். வேறொரு நல்ல கேபிளை மாற்றிய உடனே 1000 என்று மாறினால் வேலை முடிந்தது. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள குட்டிக் கேபிளையும் மறக்காமல் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலோர் தொடாமல் விடுவது அதைத்தான்.

கேபிள்கள் எல்லாம் சரி என்றால் அடுத்தது போர்ட்டுகள். பழைய மடிக்கணினிகளிலும், மலிவான யு.எஸ்.பி. லேன் அடாப்டர்களிலும், இடையில் செருகியிருக்கும் பழைய ஸ்விட்ச் பெட்டிகளிலும் 100 மெகாபிட் போர்ட்டுகள் உண்டு. என்னை உறுத்துவது ரவுட்டர் பெட்டிகளின் மேல் அச்சிடப்படும் எண். ஏசி 1200 என்று எழுதியிருக்கும் ரவுட்டரில், 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரண்டு உச்ச வேகங்களைக் கூட்டி, மேலும் முழுமையாக்கிப் போட்டிருக்கிறார்கள். எந்த ஒரு கருவியும் அந்த 1200-ஐப் பார்க்கப் போவதில்லை. அதைவிட மோசம், அதே எண்ணைப் போட்டு விற்கப்படும் சில ரவுட்டர்களின் பின்புறம் இருப்பவை எல்லாமே 100 மெகாபிட் போர்ட்டுகள். காற்றில் எவ்வளவு வேகமானாலும், இணையம் உள்ளே நுழையும் போர்ட்டே 100 என்றால் வீட்டில் எவருக்கும் 95-க்கு மேல் கிடையாது. உங்கள் ரவுட்டரின் மாதிரி எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளர் தரும் விவரப் பட்டியலில் போர்ட் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டரை நிறுவனமே தந்திருந்தால், 200 மெகாபிட் திட்டத்துக்கு 100 மெகாபிட் போர்ட் உள்ள கருவியைத் தந்தது அவர்கள் பிழை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: 100 மெகாபிட் திட்டம் என்கிறார்கள்; கோப்பு பதிவிறக்கும்போது 12-க்கு மேல் போவதே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை, உங்களுக்கு முழு வேகமும் வருகிறது. நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. பதிவிறக்கச் சாளரம் மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. 1,000 மெகாபைட் கோப்பு ஒன்றுக்கு 80 நொடிகளை ஒட்டி ஆனால் இணைப்பு நன்றாகவே இருக்கிறது என்று கொள்ளலாம்.

கேள்வி: பகலில் 300 மெகாபிட்டும் முழுதாக வருகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, பதினொரு மணிக்குப் பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. இதை நிறுவனம் வேண்டுமென்றே செய்கிறதா?

பதில்: வேண்டுமென்று செய்வதாக நான் நினைக்கவில்லை, ஆனால் அவர்கள் செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டிருக்கலாம். வீட்டு இணைப்பு என்பது எங்குமே பலரோடு பகிர்ந்துகொள்ளும் ஒன்று. ஒளியிழை இணைப்புகளில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், நிறுவனத்தின் கருவியிலிருந்து புறப்படும் ஓர் இழை, ஸ்ப்ளிட்டர் எனப்படும் பிரிப்பானில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்த ஓர் இழையின் மொத்தக் கொள்ளளவு பதிவிறக்கத்துக்கு நொடிக்கு 2.5 ஜிகாபிட், பதிவேற்றத்துக்கு 1.25 ஜிகாபிட். 32 வீடுகளும் ஒரே நொடியில் முழு மூச்சாகப் பதிவிறக்கினால் வீட்டுக்குச் சுமார் 78 மெகாபிட்தான் வரும். அப்படியிருந்தும் 300 மெகாபிட் திட்டத்தை அவர்களால் நேர்மையாகவே விற்க முடிவது ஏனென்றால், எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. படம் பார்க்கும் வீடுகூட 4கே தரத்துக்குச் சுமார் 15 மெகாபிட்டைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே பகிர்வு இருப்பது குற்றமன்று. நெரிசல் நாள்தோறும் மணிக்கணக்கில் நீடித்தும் கொள்ளளவைக் கூட்டாமல் இருப்பதுதான் குற்றம்.

இழையைத் தாண்டியும் நெரிசல் ஏற்படும் இடங்கள் இருக்கின்றன. அந்தப் பகுதியின் நிலையத்திலிருந்து நிறுவனத்தின் மையத்துக்குப் போகும் இணைப்பு ஒன்று. நிறுவனம் பிற வலையமைப்புகளோடு கைகோக்கும் இடம் இன்னொன்று. முன்பு சொன்ன இரண்டு சோதனைத் தளங்களும் இரவில் ஒரே அளவுக்குக் குறைந்தால் முதல் வகை என்றும், ஒன்று மட்டும் குறைந்தால் இரண்டாவது வகை என்றும் ஓரளவு ஊகிக்கலாம்.

ஆனால் இதிலும் கேபிளில் அளந்தீர்களா என்று நான் கேட்டாக வேண்டும். இரவு எட்டு மணிக்கு உங்கள் சுற்றத்தில் உள்ளவர்கள் எல்லோரும் வீடு திரும்பித் தங்கள் வைஃபையைப் பயன்படுத்தத் தொடங்குகிறார்கள் என்பதால், காற்றிலும் அதே நேரத்தில் நெரிசல் உண்டாகிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைவரிசையின் உட்பிரிவுகள், 1, 6, 11 என்ற மூன்றுதான். அடுக்குமாடியில் இருபது வீட்டு ரவுட்டர்கள் இந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். யாரும் பயன்படுத்தாத இடம் என்று நினைத்து சேனல் 3-ஐயோ 8-ஐயோ தேர்ந்தெடுப்பவர்கள், இரண்டு பக்கத்து இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றால் சுற்றுப்புறத்தைப் பார்த்து, அந்த மூன்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வைத்திருங்கள். முடிந்த கருவிகளையெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துவது இதைவிடவும் நல்லது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு வகையும் உண்டு. மாதத்தின் முற்பாதியில் முழு வேகமும், ஒரு நாளுக்குப் பிறகு இரவும் பகலும் ஒரே குறைந்த எண்ணும், புதிய கட்டண மாதம் பிறந்ததும் மீண்டும் முழு வேகமும் வந்தால், அது நெரிசலன்று. திட்டத்தில் உள்ள தரவு வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். வரம்பே இல்லாத திட்டம் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தாலும், விதிமுறைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரம்பு இருக்கலாம். ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கடைசி அறையில் வைஃபை எட்டவில்லை என்று ரிப்பீட்டர் ஒன்று வாங்கி அந்த அறையிலேயே செருகினேன். கைப்பேசியில் சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கின்றன. வேகம் மட்டும் முன்பைவிடக் குறைந்துவிட்டது.

பதில்: கைப்பேசி காட்டும் கோடுகள், அதற்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள உறவை மட்டுமே காட்டுகின்றன. ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் என்ன நிலவரம் என்பதை அவை சொல்வதில்லை. சிக்னல் வராத அறையில் வைத்த ரிப்பீட்டருக்கும் சிக்னல் வராது. வந்த அரைகுறையைத்தான் அது உரக்கத் திருப்பிச் சொல்லும். இது தவிர, ஒரே ரேடியோ (அலையை அனுப்பிப் பெறும் பகுதி) உள்ள ரிப்பீட்டர் ஒவ்வொரு தொகுதியையும் ஒருமுறை கேட்டு, அதே சேனலில் மறுமுறை சொல்ல வேண்டியிருப்பதால், எவ்வளவு நல்ல இடத்தில் வைத்தாலும் வேகத்தில் பாதி போய்விடும்.

முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். ரவுட்டர் எங்கே இருக்கிறது? ஒளியிழை நுழைந்த மூலையில், தொலைக்காட்சிக்குப் பின்னால், தரையை ஒட்டி, அல்லது இரும்பு அலமாரிக்குள் இருந்தால், வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு மேலே மாற்றினாலே கடைசி அறை உயிர்பெறக்கூடும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், பெரிய நிலைக்கண்ணாடி, நீர் நிறைந்த மீன் தொட்டி ஆகியவை அலையைத் தின்பவை. ஓடும் மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸைக் கலக்கும். ரவுட்டருக்குப் பக்கத்தில் செருகிய யு.எஸ்.பி. 3.0 வன்தட்டும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரவுட்டரின் ஆண்டெனாக் குச்சியைக் கடைசி அறையை நோக்கி நீட்டி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அலை குச்சியின் பக்கவாட்டில்தான் வலுவாகப் பரவும். நுனி காட்டும் திசையில்தான் மிகவும் பலவீனமாக இருக்கும். ஒரே தளம் என்றால் குச்சிகளை நேராக நிமிர்த்தி வையுங்கள். மேல்தளத்துக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

இடம் மாற்ற முடியாவிட்டால், ரிப்பீட்டரை வழியின் நடுவில், ரவுட்டரின் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் செருகுங்கள். சிக்னலை எண்ணில் காட்டும் செயலியில், கழித்தல் 50 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; பூச்சியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) மிக நல்லது. கழித்தல் 67 வரை காணொளிக்குத் தாங்கும். கழித்தல் 80-ஐ நெருங்கினால் பயனில்லை. ரிப்பீட்டர் வைக்கும் இடத்தில் 60-களுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம்விட உறுதியான தீர்வு, கடைசி அறை வரை ஒரு லேன் கேபிளை இழுத்து, அதன் முனையில் இன்னொரு பழைய ரவுட்டரை அக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவியாக வைப்பதே. லேன் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும். சுவரோரமாகக் கேபிள் ஓடுவது அழகைக் கெடுக்கும் என்று வீட்டில் எதிர்ப்பு வந்தால், ரவுட்டரோடு பேசத் தனி ரேடியோ வைத்திருக்கும் மெஷ் கருவிகளை (ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் கருவிகள்) நாடலாம். ஆனால் அவற்றையும் கேபிளில் இணைத்தால்தான் முழுப் பயன்.

கேள்வி: வேகச் சோதனையில் குறையே இல்லை. ஆனால் மகன் ஒரு காணொளியைப் பதிவேற்றத் தொடங்கினால் என் அலுவலக வீடியோ அழைப்பு உறைந்து நின்றுவிடுகிறது. பெரிய திட்டத்துக்கு மாறினால் தீருமா?

பதில்: மாறுவதற்கு முன் இதைப் படியுங்கள். வீடியோ அழைப்புக்கு ஒரு சில மெகாபிட் போதும்; அதற்குத் தேவைப்படுவது தரவு காலதாமதமின்றிப் போய்ச் சேர்வது. உங்கள் பதிவேற்ற வேகம் நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். பல ரவுட்டர்களும் மோடங்களும், அனுப்ப முடியாமல் தேங்கும் தரவைக் கைவிடாமல் நினைவகத்தில் வரிசையாகச் சேர்த்துவைக்கின்றன. அந்த நினைவகம் 1 மெகாபைட் என்றால் அது 8 மெகாபிட்; 5 மெகாபிட் வழியில் அது வடிவதற்கு 1.6 நொடி ஆகும். மகனின் காணொளி அந்த வரிசையை நிரப்பிவைத்திருக்கையில், நீங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் வரிசையின் வாலில் நின்று 1.6 நொடி கழித்துத்தான் வெளியே போகும். உரையாடல் அதைத் தாங்காது. இந்தக் கோளாறுக்கு பஃபர்புளோட் என்ற பெயரை 2010-ஆம் ஆண்டை ஒட்டிப் பரவலாக்கியவர் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர். தன் வீட்டு இணைப்பிலேயே அதைக் கண்டு ஆராய்ந்தார்.

சோதித்துப் பார்ப்பது எளிது. எதுவும் நடக்காதபோது பிங், அதாவது ஒரு சிறு தொகுதி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், எத்தனை மில்லிநொடி என்று குறித்துக்கொண்டு, பதிவேற்றம் ஓடும்போது மறுபடி பாருங்கள். 20 இருந்தது 40 ஆனால் கவலையில்லை. 800 ஆனால் நோய் இதுதான். ரவுட்டரில் இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்.க்யூ.எம். என்ற வசதியோ, எஃப்.க்யூ. கோடெல், கேக் ஆகிய பெயர்களில் ஒன்றோ இருந்தால் அதை இயக்கி, பதிவேற்ற வரம்பை அளந்து கண்ட வேகத்தில் நூற்றுக்கு 90 என்ற அளவில் வையுங்கள். வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, வரிசை மோடத்துக்குள் சேராமல் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும்படி செய்கிறீர்கள். ரவுட்டர் உங்கள் அழைப்பின் சிறு தொகுதிகளைக் காக்க வைக்காமல் அனுப்பிவிடும். பழைய ரவுட்டர்களில் இந்த வசதியை இயக்கினால் உள்ளிருக்கும் ப்ராசசர் திணறி, பெரிய திட்டங்களின் பதிவிறக்க வேகமே குறைவதும் உண்டு. அப்படியானால் பதிவேற்றத்துக்கு மட்டும் இயக்குங்கள். ரவுட்டரில் எந்த வசதியும் இல்லையென்றால், மகனின் பதிவேற்றச் செயலியிலேயே வேக வரம்பு வைக்க முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: டி.என்.எஸ். முகவரியை மாற்றினால் வேகம் இரட்டிப்பாகும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

பதில்: ஆகாது. தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவதோடு டி.என்.எஸ்ஸின் வேலை முடிந்துவிடுகிறது. பழைய சர்வர் மந்தமாக இருந்தால் பக்கம் திறக்கத் தொடங்கும் நேரம் சற்றுக் குறையும். பதிவிறக்க வேகத்தில் மாற்றம் இராது.

கேள்வி: கேபிளில், வெவ்வேறு நேரங்களில், மோடத்திலேயே அளந்துவிட்டேன். திட்டத்தில் பாதிதான் வருகிறது. சேவை மையத்தில் ஒவ்வொரு முறையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வதோடு முடித்துவிடுகிறார்கள். எப்படிப் புகார் செய்வது?

பதில்: ஒருமுறை அணைத்துப் போட்டுவிடுங்கள், நினைவகம் நிரம்பித் திணறும் கருவிகள் அதில் சரியாவது உண்மை, மறுமுறை அவர்கள் அதைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது. அதன்பின், 'வேகம் வரவில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல் குறிப்பான கேள்விகளாகக் கேளுங்கள்.

முதல் கேள்வி, உங்கள் இணைப்புக்கு அவர்கள் கணினியில் பதிந்துள்ள வேகம் என்ன என்பது. திட்டத்தை உயர்த்திய பிறகு கட்டணம் மட்டும் மாறி, இணைப்பின் பதிவு பழைய திட்டத்திலேயே நின்றுவிடுவதுண்டு. வருவது உங்கள் பழைய திட்டத்தின் எண்ணுக்கு மிக அருகில் இருந்தால் இதை அழுத்திக் கேளுங்கள்.

ஒளியிழை இணைப்பாக இருந்தால், பெறப்படும் ஒளியின் அளவைக் கேளுங்கள். பல ஃபைபர் மோடங்களின் அமைப்புப் பக்கத்தில் நீங்களே அதைப் பார்க்கலாம். ஜிபான் கருவிகளில் அது கழித்தல் 8 டிபிஎம்முக்கும் கழித்தல் 27 டிபிஎம்முக்கும் இடையில் இருக்க வேண்டும். கழித்தல் 27-ஐத் தொட்டுக்கொண்டோ தாண்டியோ இருந்தால், பிழைகள் பெருகி இணைப்பு தடுமாறும். அலமாரிக்குப் பின்னால் கூர்மையாக மடிந்துகிடக்கும் இழையோ, கனெக்டர் முனையில் படிந்த தூசியோ போதும், அளவு இந்த எல்லைக்குப் போய்விட. மடிப்பைத் தளர்த்துவதை நீங்களே செய்யலாம்; கனெக்டரைக் கழற்றித் துடைப்பதை அவர்கள் ஆளிடம் விட்டுவிடுங்கள். கழற்றிய இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணைப்பு என்றால் தூரத்தைக் கேளுங்கள். ஏடிஎஸ்எல் 2 பிளஸ் முறையின் உச்சமே 24 மெகாபிட். நிலையத்திலிருந்து தொலைவு கூடக்கூட அதுவும் தேய்ந்துகொண்டே போகும். அங்கே எந்தப் புகாரும் இயற்பியலை மாற்றாது. வேறு வகை இணைப்புக்கு மாறுவதுதான் வழி.

மூன்றாவது, ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 'நொடிக்கு 300 மெகாபிட் வரை' என்று இருந்தால் அந்த 'வரை' அவர்களுக்குக் கேடயம். குறைந்தபட்ச வேகம் என்று ஏதேனும் குறிப்பிட்டிருந்தால் அது உங்களுக்குக் கேடயம். அந்த எண்ணை மேற்கோள் காட்டி எழுதுங்கள்.

புகாரைத் தொலைபேசியில் மட்டும் சொல்லாமல் மின்னஞ்சலிலோ அவர்கள் செயலியிலோ எழுத்தில் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குக் காலை, மாலை, இரவு என்று அளந்து, ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், கேபிளில் அளந்தது என்ற குறிப்பு, சோதனைத் தளத்தின் பெயர், பதிவிறக்கம், பதிவேற்றம், பிங் ஆகியவற்றை எழுதி இணையுங்கள், திரைப்பிடிப்புகளையும் சேர்த்துவிடுங்கள். வைஃபையில் அளந்த ஓர் எண்ணைக்கூடப் பட்டியலில் கலக்காதீர்கள், ஏனெனில் அவர்கள் பிடித்துக்கொள்வது அந்த ஒன்றைத்தான். முதல்நிலையில் பதில் வராவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அங்கும் தீராவிட்டால் தொலைத்தொடர்புப் புகார்களுக்கு அரசு வைத்திருக்கும் வழிக்கும் அதே பட்டியலையும் அதே புகார் எண்ணையும் அனுப்புங்கள்.